ஒரு ஆள், பல முகவரி, ஒரே எண்

திருச்சி மண்டலத்தில் எந்த வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்த்தாலும் இணைப்பு எண் 06 என்றுதான் தொடங்கும். அந்த இரண்டு இலக்கம் மண்டலத்தைக் குறிக்கிறது. அடுத்த மூன்று இலக்கம் பிரிவு அலுவலகத்துக்கு, அதற்கடுத்த மூன்று பகிர்மானத்துக்கு, மிச்சம் அந்த இணைப்புக்கு. மன்னார்புரம் துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரம் போகும் ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டில் அங்கே நான்கு குடும்பங்கள் வந்து போயிருக்கலாம், வீடே கைமாறியிருக்கலாம், அட்டையில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயர் நிற்கலாம். எண் அசையாது, ஏனென்றால் அது இணைப்புக்குக் கொடுத்த எண், குடியிருப்பவருக்குக் கொடுத்தது அல்ல. இணைப்பு எண்ணை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்பது 2022 நவம்பரில் ஊருக்கே தெரிந்தது. எந்த இணைப்பு யாருடையது என்று உறுதிசெய்ய ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். வீடு, குடிசை, விசைத்தறி, விவசாயம் எல்லாம் சேர்த்து 2.67 கோடி இணைப்புகள். டிசம்பரில் முடிய வேண்டிய வேலை அவகாசம் நீட்டப்பட்டு 2023 பிப்ரவரி வரை போனது. இணைப்பு வேறு, ஆள் வேறு என்ற ஒரே காரணத்துக்காக இத்தனை பாடு.

மின்னஞ்சலில் நாம் இதே இடத்தில்தான் சறுக்குகிறோம், அதுவும் எதிர்ப்பக்கமாக. ஆளுக்கென்று ஒரு எண் சேவையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மாறக்கூடிய முகவரியை ஆளாக நினைத்துக்கொள்கிறோம். பேச்சுவழக்கும் இதற்குத் துணை போகிறது. 'உங்க மெயில் ஐடி சொல்லுங்க' என்று கேட்கிறோம், விண்ணப்பப் படிவத்திலும் அப்படியே அச்சடிக்கிறோம். ஐடி என்றால் அடையாளம். முகவரிக்கு அடையாளம் என்று பெயர் வைத்துவிட்டதால், நிரல் எழுதும்போதும் கை தானாக முகவரியையே அட்டவணையின் சாவியாக வைக்கிறது. ஒரு மேகச் சேவையின் ஏபிஐயை அழைத்துப் பயனர் விவரத்தை எடுப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். ஆனால் அழைப்பது அரை நாள் வேலை. எடுத்த விவரத்தில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதில்தான் பின்னால் பல ஆண்டுகளுக்கான சுகமோ தொல்லையோ இருக்கிறது. சேவை தரும் பயனர் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், முகவரியை அதன் ஒரு குணமாக மட்டும் வையுங்கள் என்பதே இங்கே சொல்லப்போவது.

உதாரணத்துக்கு ஸோஹோ மெயிலை எடுத்துக்கொள்கிறேன். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் அது. மெயில் சேவை 2008-இல் வந்தது. சென்னைக்கு வெளியிலும் தென்காசிப் பக்கத்திலும் இருந்து வேலை செய்யும் தமிழ்நாட்டு நிறுவனம் என்பது ஒரு காரணம். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அதன் தளத்துக்கு மாறியதாக 2025-இல் செய்தி வந்ததால், அரசோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் அலுவலகங்கள் இந்தச் சேவையைத் தெரிந்துகொள்வது நல்லது என்பது இன்னொரு காரணம். கூகுளோ மைக்ரோசாஃப்டோ பயன்படுத்துபவர்களுக்கும் வழி இதேதான், பெயர்கள்தான் மாறும்.

மன்னார்புரம் ரவுண்டானா பக்கம் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். சொந்த டொமைனில் மெயில். வருகைப்பதிவு, சம்பளம், விடுப்பு எல்லாவற்றுக்கும் தனி மென்பொருள். யார் வேலையில் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதை அந்த மென்பொருள் ஒவ்வொரு இரவும் மெயில் சேவையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வேலை, ஸோஹோவின் ஏபிஐ கன்சோலில் மென்பொருளைப் பதிவுசெய்வது. உங்கள் நிறுவனக் கணக்கு இந்திய டேட்டா சென்டரில் இருந்தால் டாட் இன் முகவரியிலுள்ள கன்சோலுக்குப் போக வேண்டும். டாட் காமில் பதிந்து, டாட் இன்னில் இருக்கும் தரவைக் கேட்டால் டோக்கன் செல்லாது என்ற பதில்தான் வரும். புதிதாக வருபவர்கள் ஒரு முழு நாளைத் தொலைக்கும் இடம் இது. கணக்கு உருவாக்குமிடம், டோக்கன் வாங்குமிடம், தரவு கேட்குமிடம் மூன்றும் ஒரே முடிவோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பதிந்ததும் கிளையன்ட் ஐடி ஒன்றும் கிளையன்ட் சீக்ரெட் ஒன்றும் கிடைக்கும். ஆள் யாரும் உட்கார்ந்து லாகின் செய்யாமல் இரவில் தானாக ஓடும் நிரலுக்கு 'செல்ஃப் கிளையன்ட்' வகை போதும்.

அடுத்தது ஸ்கோப், அதாவது அனுமதியின் எல்லை. மெயில் சேவையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் அனுமதி கேட்டுவிடலாம். நிர்வாகியும் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்துவிடுவார். அப்படிச் செய்யாதீர்கள். உள்நுழைந்த ஒருவரின் சொந்தக் கணக்கை மட்டும் படிக்க ஒரு ஸ்கோப் உண்டு: ஸோஹோமெயில், அக்கவுண்ட்ஸ், ரீட் என்ற மூன்று சொற்களைப் புள்ளியால் சேர்த்தது. நிறுவனத்தின் எல்லாப் பயனர்களையும் படிக்க, நடுவில் ஆர்கனைசேஷன் என்ற சொல்லும் சேரும். இதற்கு நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும். நம் வேலைக்கு இந்த இரண்டாவது போதும், அதுவும் ரீட் மட்டும். கடிதங்களைப் படிக்கும் ஸ்கோப் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சம்பள மென்பொருள் ஒருநாள் களவுபோனாலும் நாற்பது பேரின் கடிதங்கள் போகாது. மைக்ரோசாஃப்ட்டின் கிராஃப் ஏபிஐயிலும் இப்படியே: தன்னை மட்டும் படிக்க ஒன்று, மற்றவர்களின் அடிப்படை விவரத்துக்கு ஒன்று, எல்லாருடைய முழு விவரத்துக்கும் ஒன்று என்று படிப்படியாக அனுமதி இருக்கிறது.

ஸ்கோப்பைக் கொடுத்தால் கன்சோல் ஒரு குறியீட்டைத் தரும். சில நிமிடங்களில் அது காலாவதியாகிவிடும். அதற்குள் அதைக் கிளையன்ட் ஐடி, சீக்ரெட்டோடு சேர்த்து அனுப்பி இரண்டு டோக்கன்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரம் உயிரோடு இருக்கும். ரெஃப்ரெஷ் டோக்கன், நீங்களோ நிர்வாகியோ ரத்துசெய்யும்வரை நிற்கும். அதைக் கொடுத்துக்கொடுத்துப் புதிய ஆக்சஸ் டோக்கன்களை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிது வாங்கும் பழக்கம் வேண்டாம். குறுகிய நேரத்தில் ஒரு ரெஃப்ரெஷ் டோக்கனிலிருந்து எத்தனை வாங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, சுற்றிச்சுற்றி ஓடும் நிரல் அந்த வரம்பில் போய் முட்டும். ஒரு முறை வாங்கியதை ஒரு மணி நேரத்துக்கு வைத்துப் பயன்படுத்துங்கள். ரெஃப்ரெஷ் டோக்கனை நிரல் கோப்புக்குள் எழுதாமல் தனியாக வையுங்கள். அது கடவுச்சொல்லுக்குச் சமம், இன்னும் சொன்னால் அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் ஓடிபி கேட்காது.

இப்போது அழைப்பு. மெயில் டாட் ஸோஹோ டாட் இன், அதன் பின் ஏபிஐ, ஆர்கனைசேஷன், உங்கள் நிறுவனத்தின் எண், அக்கவுண்ட்ஸ் என்று சாய்கோடு போட்டுச் சேர்த்த பாதைக்கு ஒரு கெட் கோரிக்கை. நிறுவனத்துக்கும் இங்கே ஓர் எண்தான், பெயர் இல்லை. அதை இசட்ஓஐடி என்கிறார்கள். தலைப்புப் பகுதியில் ஆத்தரைசேஷன் என்ற பெயருக்கு எதிரே 'ஸோஹோ-ஓஆத்டோக்கன்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு ஆக்சஸ் டோக்கன். மற்ற சேவைகளில் 'பேரர்' என்று எழுதிப் பழகியவர்கள் இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். பயனர்கள் அதிகமாக இருந்தால் ஒரே பதிலில் எல்லாரும் வர மாட்டார்கள். எந்த வரிசையிலிருந்து, எத்தனை பேர் என்று இரண்டு அளவுருக்களைச் சேர்த்துப் பகுதி பகுதியாகக் கேட்க வேண்டும். முதல் பகுதியை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திய நிரல், மிச்சமிருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டி சம்பளப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பட்டியல் தீரும்வரை கேட்டு முடித்த பிறகே ஒப்பிடத் தொடங்குங்கள்.

பதில் ஜேசான் வடிவில் வரும். மேலே நிலை, 200 என்றால் சரி. கீழே ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தொகுப்பு. அதைப் பொறுமையாகப் பாருங்கள், நம் வாதத்தின் முதல் சான்று அங்கேயே இருக்கிறது. காட்சிப்பெயர், முதல் பெயர், இறுதிப்பெயர் இருக்கும். பயன்படுத்திய இடம், மொத்த இடம், கணக்கு தொடங்கிய நேரம், ஐமேப் திறந்திருக்கிறதா, பாப் திறந்திருக்கிறதா என்ற குறிப்புகள் இருக்கும். அக்கவுண்ட் ஐடி என்று ஓர் எண், இது அஞ்சல்பெட்டிக்கு. இசட்யூஐடி என்று இன்னோர் எண், இது பயனருக்கு. இவை இரண்டும் ஒற்றை மதிப்புகள். முகவரி என்ற இடத்துக்கு வந்தால் மட்டும் ஒற்றை மதிப்பு இல்லை, ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு முகவரி, அது முதன்மையா, அது மாற்றுப்பெயரா, உறுதிசெய்யப்பட்டதா என்ற குறிகள். சேவையை வடிவமைத்தவர்கள் ஆளுக்கு ஒரு எண்ணும், அந்த எண்ணுக்குள் எத்தனை முகவரியும் என்று வைத்திருக்கிறார்கள். எது முதன்மை என்பதே நிர்வாகி மாற்றக்கூடிய ஒரு குறிதான். அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றைப் பிடுங்கி 'இதுதான் இந்த ஆள்' என்று சொல்வது பதில் சொன்னதற்கு நேர் எதிராகப் படிப்பது.

முகவரி மாறினால் என்ன, மாற்றத்தைப் பதிந்துகொண்டால் போயிற்று என்று தோன்றலாம். உண்மையான ஆபத்து முகவரி மாறுவதில் இல்லை. அது கைமாறுவதில் இருக்கிறது. யாஹூ 2013-இல் ஓராண்டுக்கு மேல் யாரும் தொடாத கணக்குகளின் பெயர்களை விடுவித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தது. புதிதாக வந்தவர்களின் பெட்டியில் பழைய ஆளுக்கான கடிதங்கள் வந்து விழுந்தன. அதைவிடக் கவலையானது, பழைய ஆள் அந்த முகவரியில் திறந்துவைத்த மற்ற கணக்குகளின் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' கடிதமும் புதியவருக்கே போகும் என்பது. இதற்காக யாஹூவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து கடிதத்தின் தலைப்பில் புதிய குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்தன: 'இந்தத் தேதியிலிருந்து இதே ஆளிடம் இந்த முகவரி இருந்தால் மட்டும் கொடு' என்று அஞ்சல் அனுப்புபவர் சொல்லலாம். 2014 ஜூலையில் அது ஆர்எஃப்சி 7293 என்ற இணையத் தரமாகவே வெளிவந்தது. முகவரியை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது, தேதியும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை ஒரு தரநிலையாக எழுதிவைக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது.

பத்து ஆண்டு கழித்து அதே தவறு வேறு உருவில் வந்தது. 2023 ஜூனில் டிஸ்கோப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'நோஆத்' என்று பெயரிட்டு ஒரு பலவீனத்தை வெளியிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் அடையாளச் சேவையில் யார் வேண்டுமானாலும் தன் சொந்த நிறுவனக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதன் பயனர் விவரத்தில் மின்னஞ்சல் என்ற இடத்தில் வேறொருவரின் முகவரியை எழுதிவைக்க முடிந்தது. அதை யாரும் சரிபார்க்கவில்லை. 'மைக்ரோசாஃப்ட் மூலம் உள்நுழை' என்ற பொத்தான் வைத்திருந்த தளங்களில் சில, வந்த விவரத்திலிருந்து மின்னஞ்சலை மட்டும் எடுத்துப் பழைய கணக்கோடு சேர்த்துவிட்டன. கடவுச்சொல் தெரியாமலேயே அடுத்தவர் கணக்குக்குள் போக வழி திறந்தது. முகவரியை வைத்து அனுமதி கொடுக்காதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் நிரலாளர்களை அறிவுறுத்தியது. 2025 ஜனவரியில் ட்ரஃபிள் செக்யூரிட்டி காட்டியது இன்னும் எளிமையானது. மூடிப்போன நிறுவனத்தின் டொமைனை விலைக்கு வாங்கி, முன்னாள் ஊழியர்களின் முகவரிகளை அதில் மறுபடி உருவாக்கி, அவர்கள் பயன்படுத்திய பிற சேவைகளில் கூகுள் வழியாக நுழைய முடிந்தது. அந்தச் சேவைகள் டொமைனையும் முகவரியையும்தான் பார்த்தன. கூகுள் தன் பதிலில் தரும் 'சப்' என்ற எண்ணைப் பார்த்திருந்தால், புதிதாக உருவாக்கிய கணக்கின் எண் வேறு என்று அங்கேயே தெரிந்திருக்கும். அந்த எண் எப்போதும் மாறாது, மறுபடி யாருக்கும் கொடுக்கப்படாது என்று கூகுளின் ஆவணம் சொல்கிறது.

இவையெல்லாம் வெளியூர்க் கதைகள், நம் அலுவலகத்தில் நடக்காது என்று நினைக்க இடமில்லை. நம் அலுவலகங்களில் முகவரி கைமாறுவது விபத்தாக நடப்பதில்லை, விதியாகவே நடக்கிறது. மத்திய அரசு 2015-இல் அறிவித்த மின்னஞ்சல் கொள்கை, அதிகாரிக்குப் பதவிப்பெயரில் ஒரு முகவரியும் சொந்தப் பெயரில் ஒரு முகவரியும் என்று இரண்டைச் சொன்னது. பதவி முகவரி நாற்காலியோடு இருக்கும். டிரான்ஸ்பர் ஆனால் சார்ஜ் எடுப்பவரிடம் போகும். இதில் தவறேதும் இல்லை. மே, ஜூன் மாதங்களில் ஒரே நாளில் பல நாற்காலிகள் மாறும் அமைப்பில், ஊர்மக்கள் கடிதம் எழுத நிலையான முகவரி வேண்டும். தனியார் அலுவலகத்திலும் கணக்குப்பிரிவு, கொள்முதல், மனிதவளம் என்று பிரிவின் பெயரில் முகவரி இருக்கும், அந்த மேசைக்கு யார் வருகிறாரோ அவர் அதைத் திறப்பார். சம்பள மென்பொருள் கொள்முதல் முகவரியை ஓர் ஆளாகப் பதிந்துவைத்திருந்தால், போன ஆண்டு போனவரின் விடுப்பு இருப்பும் முன்பணக் கடனும் இந்த ஆண்டு வந்தவர் தலையில் ஏறும். மன்னார்புரத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் முந்தைய குடித்தனக்காரரின் கரண்டு பில் பாக்கியைக் கேட்பதைப் போன்றது அது.

இனி எதிர்வாதங்கள். ஒரு பயனரின் விவரத்தைக் கேட்கும்போது ஏபிஐயே முகவரியை ஏற்றுக்கொள்கிறது, பிறகு எண்ணுக்கு ஏன் அலைய வேண்டும் என்பது முதலாவது. தேடுவதற்கு முகவரி வசதியானதுதான், அதைத் தடுக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒருவரைத் தேடிப் போகும்போது கதவு எண்ணை வைத்துத்தான் போகிறோம். பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்கும், இரண்டும் உதவும். ஆனால் கதவைத் தட்டி, திறந்தவர் யார் என்று கேட்ட பிறகுதானே பேசத் தொடங்குகிறோம்? முகவரியை வைத்து முதல் முறை தேடுங்கள். பதிலில் வரும் இசட்யூஐடியை உங்கள் பதிவில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் மேலே போங்கள். வேறாக இருந்தால் நிரல் நின்று, ஒரு மனிதர் பார்க்கட்டும்.

நாற்பது பேர் உள்ள இடத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், இந்தப் பாதுகாப்பெல்லாம் எதற்கு என்பது இரண்டாவது. தெரிந்தவர் அலுவலக மேலாளர். இரவு இரண்டு மணிக்கு ஓடும் நிரலுக்கு யாரையும் தெரியாது. இன்னொன்று, சிறிய அலுவலகத்திலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். நம் பெயர்களில் முதலெழுத்தை வைத்து முகவரி அமைப்பதால், கே. எழுத்தும் ஒரு பொதுவான பெயரும் கொண்டவர் போன அடுத்த மாதமே அதே எழுத்தும் பெயரும் கொண்ட இன்னொருவர் வருவது இங்கே அபூர்வம் இல்லை. நிர்வாகி காலியாக இருந்த முகவரியை அவருக்குக் கொடுத்துவிடுவார். கொடுத்ததில் தப்பில்லை, நிரல் அதைக் கண்டுபிடிக்காததுதான் தப்பு.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சேவையை மாற்றினால் எண்தான் மாறும், முகவரி அப்படியே இருக்கும் என்பது. கூகுளிலிருந்து ஸோஹோவுக்கு வந்தால் டொமைன் நம்முடையது, முகவரிகள் எழுத்து பிசகாமல் கூடவே வரும். பழைய சப் எண்கள் மட்டும் செல்லாக்காசாகிவிடும். அந்த இடத்தில் முகவரி நிலையானது, எண் நிலையற்றது. சப் எண்ணே அரிதாக மாறியதாக ஒரு நிறுவனத்தின் பொறியாளர் சொன்னதும் மேலே சொன்ன ட்ரஃபிள் செக்யூரிட்டி அறிக்கையில் இருக்கிறது. அந்த எண்ணையே நம்புங்கள் என்றுதான் கூகுள் சொல்கிறது. என் விடை, சேவையின் எண்ணையும் தனியாகச் சாவியாக வைக்காதீர்கள் என்பது. ஊழியருக்கு உங்கள் அலுவலகம் கொடுக்கும் பணியாளர் எண்தான் முதன்மைச் சாவி. அது ஒருவருக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அவர் ஓய்வுபெற்றாலும் வேறு யாருக்கும் போகக் கூடாது. அதன்கீழ் இன்னோர் அட்டவணை: பணியாளர் எண், சேவையின் பெயர், அந்தச் சேவை கொடுத்த எண், முகவரி, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை. சேவை மாறும் நாளில் பழைய வரிகளுக்கு முடிவுத்தேதி போட்டு, புதிய வரிகளைச் சேர்க்கிறோம். அந்த ஒரு நாள் மட்டும் முகவரியை வைத்துப் பழையதையும் புதியதையும் பொருத்தலாம், அதையும் மனிதர் ஒருவர் பட்டியலைக் கண்ணால் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு. யாஹூ பிரச்சினைக்குத் தரநிலை எழுதியவர்கள் தேதியைச் சேர்த்ததைப் போலத்தான் நாமும் தேதிகளைச் சேர்க்கிறோம்.

எண்ணைப் பார்த்தால் யார் என்று தெரியவில்லை என்று அலுவலகத்தில் குறைப்படுவார்கள். திரையில் பெயரையும் முகவரியையும் காட்டுங்கள், எண்ணைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் எண்ணைச் சேமிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது, இதில் சிக்காமல் போனவர்கள் குறைவு. அக்கவுண்ட் ஐடி 19 இலக்கம்வரை நீளும். ஜேசானில் அது மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. பதிலை எக்செல்லில் ஒட்டினால் அது எண்ணாக மாறி, 15 இலக்கத்துக்கு மேல் எல்லாம் பூஜ்யமாகிவிடும். திரையில் ஒரு புள்ளியும் 'ஈ'யும் போட்டுச் சுருக்கிக் காட்டும். நெடுவரிசையை அகலப்படுத்தினால் எண் முழுதாகத் தெரிவதுபோல் இருக்கும், கடைசி நான்கு இலக்கம் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். ஒரே நிறுவனத்தின் கணக்கு எண்களில் வித்தியாசம் பெரும்பாலும் கடைசி இலக்கங்களில்தான் இருக்கும் என்பதால் பல ஊழியர்களுக்கு ஒரே எண் வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் 9007199254740991 என்ற எண்ணுக்கு மேல் முழு எண்கள் துல்லியமாக நிற்காது. ஆகவே தரவுத்தளத்திலும் எக்செல்லிலும் இந்த நெடுவரிசைகளை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு, பிறகு தரவைக் கொண்டுவாருங்கள். திருச்சி மின் இணைப்பு எண்ணின் முன்னாலுள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கி 6 என்று காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நோய் புதிதில்லை. கூட்டிக் கழிக்காத எதுவும் எண்ணல்ல, எழுத்துதான்.

பதிலில் வரும் மற்றவற்றில் எதை வைத்துக்கொள்வது? சம்பள மென்பொருளுக்கு இசட்யூஐடி, முதன்மை முகவரி, காட்சிப்பெயர், கணக்கு இயங்குகிறதா என்ற குறி, இவ்வளவும் போதும். கைபேசி எண்ணும் கடைசியாக உள்நுழைந்த நேரமும் பதிலில் இருந்தால், இருக்கிறதே என்று சேமிக்கத் தோன்றும். தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. வேலைவாய்ப்பு சார்ந்த தேவைக்கு ஊழியரிடம் தனி ஒப்புதல் வேண்டாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எங்கெங்கே படி எடுத்தோம் என்று தெரியாமல் சேமித்ததை எப்படி அழிப்பது? எடுக்காததை அழிக்க வேண்டியதில்லை. பயனர் எண்ணும் தனிநபர் தரவுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பார்த்தால் ஆள் தெரியாது என்பதற்காக அதை எல்லாரும் பார்க்கும் பதிவேட்டில் கொட்டக் கூடாது.

இரவு ஓடும் நிரலின் ஒழுங்கு இப்படி அமையட்டும். பட்டியல் முழுவதையும் வாங்கு. எண்ணை வைத்து ஒப்பிடு. எண் அதே, முகவரி வேறு என்றால் பழைய முகவரிக்கு முடிவுத்தேதி போட்டுப் புதிய வரி சேர். இது சாதாரண மாற்றம், யாரையும் எழுப்ப வேண்டாம். முகவரி அதே, எண் வேறு என்றால் எதையும் மாற்றாதே. மேலாளருக்குக் கடிதம் அனுப்பி நில். இந்த இரண்டாவதைப் பிரித்தறிவதற்காகத்தான் இத்தனை நேரம் வாதாடினோம், முகவரியைச் சாவியாக வைத்த நிரலின் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. எண் பட்டியலிலேயே இல்லை என்றால் உடனே நீக்காமல் அடுத்த இரவும் இல்லையா என்று பார். ஒரு நாள் பிணையம் தடுமாறியதற்காக ஒருவர் சம்பளம் நிற்கக் கூடாது.

கடைசியாக, டோக்கனுக்கும் ஓர் ஆள் இருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். ரெஃப்ரெஷ் டோக்கன் ஒப்புதல் கொடுத்த நிர்வாகியின் கணக்கோடு கட்டப்பட்டது. அவர் வேலையை விட்டுப்போய், அவர் கணக்கை முடக்கிய அன்று இரவு நிரல் வேலை செய்யாது; காரணம் தெரியாமல் நிரலைத்தான் எல்லாரும் குடைவார்கள். ஆகவே இந்த வேலைக்கென்று தனி நிர்வாகக் கணக்கு ஒன்றைத் திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, யாருடைய அன்றாடக் கடிதமும் அதற்கு வராதபடி வைத்துக்கொண்டு, ஒப்புதலை அதிலிருந்து கொடுங்கள். அந்தக் கணக்குக்கு யார் பொறுப்பு என்பதையும் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் அதன் இசட்யூஐடியோடு சேர்த்து அட்டவணையின் முதல் வரியில் எழுதிவிட்டு மற்றவர்களின் பெயரைச் சேர்க்கத் தொடங்குங்கள்.